பனிப் பிரதேசத்தில் விலங்குகள் எப்படிப் பிழைக்கின்றன?

டெல்லி ஆர்.கே. புரத்தில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "ஜனவரியில் பிள்ளைகளை யமுனைப் படித்துறைக்குக் கூட்டிப் போனோம். ஸ்வெட்டர், குல்லா, கையுறை எல்லாம் போட்டும் எங்களுக்கு நடுக்கம் நிற்கவில்லை. கடற்காகங்கள் மட்டும் அந்தத் தண்ணீரில் வெறுங்காலோடு சாவகாசமாக மிதந்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் கால் விறைக்காதா என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. லடாக்கிலும் துருவத்திலும் இருக்கிற விலங்குகள் எப்படித்தான் சமாளிக்கின்றன? அப்புறம், எங்கள் தெருநாய்களுக்கு ஸ்வெட்டர் போட்டுவிடுவது சரியா?"

உங்கள் மகள் சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறாள். பறவையின் கால் புரிந்துவிட்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி. அதற்கு முன்னால் ஒரு அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன்.

குளிர்ப் பிரதேசத்து விலங்கு குளிரில் விறைத்துச் சாவது அரிது. பெரும்பாலும் பசியால்தான் சாகிறது. பாலூட்டிகளின் உடல் வெப்பம் 37, 38 டிகிரி செல்சியஸ். பறவைகளுக்கு 40, 41. வெளியே மைனஸ் 30 இருக்கும்போது உள்ளே அந்தச் சூட்டைக் காப்பாற்ற ஓயாமல் தீனி வேண்டும். ஆனால் புல் பனிக்கு அடியில் போவதும், பூச்சிகள் காணாமல் போவதும், ஏரி உறைந்துபோவதும் அதே மாதங்களில்தான். தேவை ஏறும் நேரம் பார்த்து வரத்து நின்றுவிடுகிறது. பாடப்புத்தகத்தில் "குளிர்த் தகவமைப்பு" என்று படிக்கிற அத்தனையும் இந்த நெருக்கடியைச் சமாளிக்கும் வழிகள்தான். ஒரு விலங்கைப் பார்த்ததும் "இது குளிரை எப்படித் தாங்குகிறது?" என்று கேட்பதைவிட, "ஏப்ரல் வரைக்கும் இதன் வயிற்றுக்கு என்ன வழி?" என்று கேட்டுப் பாருங்கள். விடை சீக்கிரம் பிடிபடும்.

சரி, காலுக்கு வருவோம். கடற்காகத்தின் தொடை, அதாவது சதைப்பற்றுள்ள பகுதி, இறகுகளுக்குள் உடம்போடு ஒட்டி மறைந்திருக்கிறது. வெளியே தெரிகிற குச்சிக் காலில் சதை கிட்டத்தட்ட கிடையாது. எலும்பு, தசைநாண், மேலே செதில் செதிலான தோல், அவ்வளவுதான். மேலே இருக்கும் தசை தசைநாணை இழுப்பதால்தான் விரல்கள் மடங்கி நீள்கின்றன. ஆகவே சூடாக வைத்தே தீர வேண்டிய பாகம் எதுவும் கீழே இல்லை.

இரத்தம் மட்டும் கீழே போய்வர வேண்டும். அங்கேதான் அழகான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. உடம்பிலிருந்து சூடான இரத்தத்தைக் கீழே கொண்டுபோகும் தமனியும், பாதத்திலிருந்து குளிர்ந்த இரத்தத்தை மேலே கொண்டுவரும் சிரைகளும் ஒன்றையொன்று ஒட்டியே எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. இறங்கும் இரத்தம் தன் சூட்டை வழியிலேயே ஏறும் இரத்தத்துக்குக் கைமாற்றிவிடுகிறது. உடம்பை விட்டுக் கிளம்பும்போது 40 டிகிரியில் இருந்தது, பாதத்துக்கு வந்து சேரும்போது சில டிகிரிதான் இருக்கும். பாதமும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியில் இருப்பதால் அதற்கு மேல் தண்ணீர் பறித்துக்கொள்ள அங்கே சூடு இல்லை. மேலே திரும்பும் இரத்தமோ போகிற வழியிலேயே சூடேறி உடம்புக்குள் நுழைகிறது. பாதம் உறைந்துவிடும் என்கிற நிலை வந்தால் இரத்த ஓட்டம் கொஞ்சம் கூட்டப்படும். ஆபத்து நீங்கியதும் பழையபடி குறைக்கப்படும்.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: கால் குளிர்ந்துதான் இருக்கிறது, உறைந்துபோகிற அளவுக்கு மட்டும் பறவையின் உடம்பு அதை விடுவதில்லை.

அலாஸ்காவின் பாரோவில் 1940களின் கடைசியில் ஆய்வு செய்த பெர் ஸ்கோலாண்டர் என்ற உடலியல் அறிஞர் இதையெல்லாம் அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர். ஒருமுறை இந்த ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டால் பிறகு எங்கு பார்த்தாலும் கண்ணில் படும். பனியில் நடக்கும் ஓநாயின் உள்ளங்கால், பெங்குவினின் கால், டால்ஃபினின் துடுப்பு, எல்லாவற்றிலும் இதே முறைதான். துருவ மான் ஒரு படி மேலே போய் மூக்கிலும் இதைச் செய்கிறது. மூக்குக்குள் சுருள் சுருளாக இருக்கும் எலும்பைப் போர்த்திய ஈரச் சவ்வு, வெளியே விடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்து உள்ளே இழுக்கும் காற்றுக்குக் கொடுக்கிறது.

அடுத்த தடவை ஓக்லா பறவைகள் சரணாலயத்துக்கோ சுல்தான்பூருக்கோ விடிகாலையில் போனால் ஒன்றைக் கவனியுங்கள். கரையில் நிற்கும் வாத்துகள் பல ஒற்றைக் காலில் நிற்கும். மற்ற கால் வயிற்று இறகுக்குள் இருக்கும். அலகை முதுகு இறகில் செருகியிருக்கும். இறகு இல்லாத பாகங்கள் அவை இரண்டும்தான். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் காலை இறக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நமக்குப் பல்லைக் கிட்டிக்க வைக்கும் டெல்லிக் குளிர் இந்தப் பறவைகளுக்குக் குளிரே இல்லை. யமுனையில் நீங்கள் பார்த்தவற்றில் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் இருந்திருக்கும். கோடையில் அவை லடாக், திபெத்தின் உயர்ந்த ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்தவை. நம் கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் குளிர்காலத்தில் வருபவையும் இதே இனம்தான். வரித்தலை வாத்து லடாக்கின் த்சோ மோரிரி, மங்கோலியா, திபெத் ஏரிகளிலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிறது. கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. குறைந்த ஆக்சிஜனிலும் இழுத்துப் பிடிக்கக்கூடிய ஹீமோகுளோபின் அதன் இரத்தத்தில் இருக்கிறது. திருநெல்வேலிக்காரர்களுக்குக் கூந்தன்குளத்தில் பழக்கமான பறவை. வலசையை "குளிருக்குப் பயந்து ஓடுவது" என்று நினைக்கிறோம். இவற்றின் இறகு மைனஸ் டிகிரியைத் தாராளமாகத் தாங்கும். ஏரி உறைந்தால் தீனிக்கு வழியில்லை, அதனால் வருகின்றன. டெல்லியின் காஜிப்பூர் குப்பைமேட்டில் குளிர்காலத்தில் வட்டமிடும் பருந்துக் கூட்டத்திலும் மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வந்தவை ஏராளம். அங்கே அவற்றை இழுப்பதும் இரைதான்.

படித்துறையில் படகில் விற்கும் சேவ் பாக்கெட்டை மட்டும் தயவுசெய்து வாங்கிப் போடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஆசையாக இருக்கும், தெரியும். மீனும் பூச்சியும் தின்று கொழுப்புச் சேர்த்துக்கொண்டு மார்ச்சில் மறுபடியும் மலை தாண்ட வேண்டிய பறவைக்கு எண்ணெயில் பொரித்த உப்புக் கடலைமாவு எந்த விதத்திலும் உதவாது.

இனி, ஊரை விட்டுப் போக முடியாதவை. இவற்றின் முதல் துணை ரோமம். டெல்லியில் தீபாவளி கழிந்ததும் ரஜாய்ப் பஞ்சைப் பிரித்து அடித்துத் தரும் ஆட்கள் தெருத்தெருவாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சு அதே பஞ்சுதான். அடித்தபின் உள்ளே காற்று நின்று கதகதப்புத் திரும்பிவிடுகிறது. ரோமமும் இறகும் செய்யும் வேலை அதுதான். நகராத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் குளிர்ப் பிரதேசத்துப் பாலூட்டிகள் பலவற்றுக்கு இரண்டு அடுக்கு ரோமம் உண்டு. வெளியே நீளமான, முரட்டு முடி. அது பனியையும் ஈரத்தையும் உதறித் தள்ளும். உள்ளே மிக மெல்லிய, நெருக்கமான கம்பளி; அது காற்றைப் பிடித்து வைக்கும். இளவேனிலில் உள் கம்பளி கொத்துக் கொத்தாக உதிர்ந்துவிடும்.

நம் நீலகிரி வரையாட்டையும் இமயமலைத் தார் என்னும் காட்டாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் இரவுகள் உண்டு. ஆனாலும் பகலில் வெயில் வந்துவிடும். வரையாட்டுக்குக் குட்டை முடி போதுமானதாக இருக்கிறது. இமயமலைத் தாருக்குக் கழுத்திலும் தோளிலும் பிடரி மயிர் தொங்கும், அடியில் கனத்த கம்பளி.

பனிச்சிறுத்தையின் வயிற்றுப் பக்க முடி குளிர்காலத்தில் 12 சென்டிமீட்டர் வரை வளரும். பாதம் அகலம்; அடியிலும் முடி. வால் ஏறக்குறைய உடம்பின் நீளத்துக்கு, ஒரு மீட்டர் வரை இருக்கும். பாறையில் தாவும்போது நிலை தவறாமல் இருக்க உதவும் அந்த வாலைப் படுக்கும்போது முகத்தின் மேல் சுற்றிக்கொள்ளும். காது சிறியது, மூக்கின் உட்குழி பெரியது. இந்தியாவில் முதன்முறையாக முறைப்படி எடுத்த கணக்கெடுப்பின் முடிவு 2024இல் வந்தது: 718 பனிச்சிறுத்தைகள், அவற்றில் 477 லடாக்கில். உயிரியல் பூங்காவில் வைத்து இனப்பெருக்கம் செய்ய வேண்டுமென்றால் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் டார்ஜிலிங் பூங்கா மாதிரி இடம் பொருத்தம். இவ்வளவு ரோமத்தோடு டெல்லியின் ஜூன் மாதத்தை ஒரு விலங்கு எப்படிக் கழிக்கும்?

ரோமத்தின் கதையில் எனக்கு ஆற்றாமை தரும் பகுதி சிரு என்னும் திபெத்திய மான். 4,000 மீட்டருக்கு மேலே, மறைவு எதுவும் இல்லாத மேட்டுச் சமவெளியில், மைனஸ் 40 வரை போகும் குளிரில் அது வாழ்கிறது. மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன் என்றால் சிருவின் உள் கம்பளி 10 மைக்ரான் அளவுதான். இவ்வளவு மெல்லிய இழை இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் அந்தக் காற்றில் அது உயிரோடு நிற்கிறது. அந்த இழைதான் ஷாதூஷ். காட்டு விலங்கைப் பிடித்து வைத்து ரோமம் கத்தரிக்க முடியாது, கொன்றுதான் எடுக்கிறார்கள். ஒரு சால்வைக்கு மூன்று, நான்கு சிரு போய்விடும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சிரு இருக்கிறது; வாங்குவது, விற்பது எல்லாமே குற்றம். டெல்லியில் குளிர்காலத்தில் சால்வை விற்பவர் யாராவது "அசல் ஷாதூஷ்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பஷ்மினா வேறு. அது லடாக்கில் வளர்க்கும் சாங்தாங்கி ஆட்டின் உள் கம்பளி. சீப்பால் வாரி எடுப்பது, ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது.

ரோமத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. நனைந்தால் காற்று போய்விடும், கதகதப்பும் போய்விடும். அதனால் நீரிலேயே வாழும் திமிங்கிலமும் சீலும் தோலுக்கு அடியில் கனத்த கொழுப்பை நம்பியிருக்கின்றன. பனிக்கரடிக்கு இரண்டும் உண்டு. அதன் வெள்ளை முடி சூரிய ஒளியைக் குழாய் மாதிரி தோலுக்குக் கடத்துகிறது என்று இன்னும் பல இடங்களில் எழுதுகிறார்கள். சோதித்துப் பார்த்ததில் அது தவறு என்று தெரிந்து பல வருடமாகிறது. முடி நிறமற்றது, தோல் கறுப்பு என்பது வரைக்கும்தான் உண்மை.

உடம்பின் அளவும் வடிவமும் கணக்கில் வரும். உருவம் பெரிதாகப் பெரிதாக, எடையோடு ஒப்பிட்டால் வெளியே தெரியும் தோலின் பரப்பு குறையும். சூடு மெதுவாகத்தான் வெளியேறும். சைபீரியப் புலி சுமத்ராப் புலியைவிடப் பெரிது, துருவ நரியின் காது பாலைவன நரியின் காதைவிடச் சிறிது என்பதெல்லாம் இதனால்தான். உடம்பின் அளவைப் பற்றிய பகுதியை ஜெர்மன் உயிரியலாளர் கார்ல் பெர்க்மன் 1847இலேயே எழுதிவிட்டார். விதிவிலக்குகள் நிறைய உண்டு என்றாலும் போக்கு உண்மையானது. இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி நம் சிட்டுக்குருவி. 1850களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்குக் கொண்டுபோய் விட்டார்கள். நூறு வருடம் சொச்சத்தில், 1960களில் அளந்து பார்த்தபோது, குளிர் மிகுந்த வடக்கில் வாழும் குருவிகள் தெற்கே இருப்பவற்றைவிடப் பெரிதாகியிருந்தன. எந்தக் குருவியும் முயற்சி செய்து பெரிதாகவில்லை. ஒவ்வொரு கடுங்குளிரிலும் சிறியவை அதிகம் செத்தன, பெரியவை அதிகம் பிழைத்துக் குஞ்சு பொரித்தன.

ஆனால் எலி அளவு இருக்கும் பிராணிக்குப் பெரிதாகும் வாய்ப்பே இல்லை. அங்கேதான் விதவிதமான உபாயங்கள். திபெத்திய மேட்டுநிலத்துப் பிகா, பார்க்கக் காது சிறுத்த முயல் மாதிரி இருக்கும், குளிர்காலம் முழுக்க விழித்தே இருக்கிறது. மைனஸ் 30 டிகிரியில் அதற்கு எப்படிக் கட்டுபடியாகிறது என்று பல வருடம் ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். உடம்பின் ஆற்றல் செலவைச் சுமார் 30 சதவீதம் குறைத்துக்கொள்கிறது, நடமாட்டத்தையும் சுருக்கிக்கொள்கிறது, கூடவே யாக் சாணத்தைத் தின்கிறது. பாதி செரித்த புல், வெளியே அலைந்து தேட வேண்டாம். ஐரோப்பாவின் ஒருவகை மூஞ்சூறு இன்னும் ஆச்சரியம்: குளிர்காலத்தில் அதன் மண்டையோடும் மூளையும் உள்பட உடம்பே சுருங்கி, வசந்தத்தில் மறுபடி வளர்கிறது. சின்ன உடம்புக்குச் சின்ன சாப்பாடு போதுமே. இப்படிப்பட்ட சிறு பிராணிகள் பலவற்றுக்குப் பனியே போர்வை. மேலே மைனஸ் 30 இருந்தாலும் ஆழமான பனிக்கு அடியில், மண்ணை ஒட்டிய இடைவெளியில் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும்.

தரை அணில் இனத்துப் பெரிய பிராணியான மர்மோட்டின் வழி வேறு. லடாக்குக்குப் போனவர்கள் சாலையோரம் பார்த்திருப்பீர்கள், கொழுகொழுவென்று இரண்டு காலில் எழுந்து நின்று விசில் அடிக்கும். கோடை முழுக்கத் தின்று கொழுத்து, குடும்பத்தோடு ஆழமான வளைக்குள் போய், வாயிலை அடைத்துக்கொண்டு, ஏறக்குறைய அரை வருடம் உறங்கும். நாம் தூங்குகிற தூக்கமில்லை இது. இதயம் நிமிடத்துக்குச் சில துடிப்புகளுக்கு இறங்கிவிடும், உடல் வெப்பம் வளையின் குளிரை ஒட்டி வந்துவிடும். சில வாரங்களுக்கு ஒருமுறை முழுச் சூட்டுக்கு வந்து, மறுபடி அடங்கும். சேர்த்த கொழுப்பில் பெரும்பகுதி இந்த இடைவிழிப்புகளுக்கே செலவாகிறது. அந்தச் சூட்டைக் கிளப்புவது பழுப்புக் கொழுப்பு. நடுங்காமலேயே, தசையை அசைக்காமலேயே, எரிந்து வெப்பமாகும் விசேஷக் கொழுப்பு அது. பிறந்த குழந்தைகளின் முதுகிலும் இருக்கிறது. துருவத் தரை அணிலின் உடல் வெப்பம் உறக்கத்தில் மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்கியதை 1989இல் பதிவு செய்தார்கள். அப்போதும் இரத்தம் உறையவில்லை.

கரடியை இந்த வரிசையில் வைக்கச் சிலர் தயங்குவார்கள். அதன் உடல் வெப்பம் சில டிகிரிதான் குறைகிறது. ஆனால் மாதக்கணக்கில் தின்னாமல், குடிக்காமல், சிறுநீர் கழிக்காமல் கிடக்கிறது. அந்த நிலையிலேயே குட்டி போட்டுப் பாலும் கொடுக்கிறது. பனிக்கரடியில் சூல்கொண்ட பெண் மட்டும்தான் இப்படிக் குகைக்குள் போகும். ஆண் குளிர்காலம் முழுக்கக் கடல் பனியில் சீல் தேடி அலையும்.

குளிர் இரத்த விலங்குகளுக்குச் சூட்டைக் காக்கும் செலவே கிடையாது. இதை உங்கள் வீட்டுச் சுவரிலேயே பார்க்கலாம். சென்னையில் வருடம் முழுக்கப் பல்லி சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் டெல்லிக்கு வந்த முதல் டிசம்பரில் பல்லியே இல்லையே என்று நினைப்பார்கள். அலமாரிக்குப் பின்னால், சுவிட்ச் பெட்டி இடுக்கில் அசையாமல் கிடக்கும். ஹோலி நெருங்கும்போது வெளியே வரும். வட அமெரிக்காவின் ஒருவகைக் காட்டுத் தவளை இலைச்சருகுக்கு அடியில் நிஜமாகவே உறைந்துபோகிறது. உடம்பு நீரில் மூன்றில் இரண்டு பங்கு வரை பனிக்கட்டியாகும், இதயம் நின்றுவிடும். உறையத் தொடங்கியதும் கல்லீரல் குளுக்கோஸைக் கொட்டி, செல்களுக்குள் பனி உருவாகாமல் காக்கிறது. வசந்தத்தில் உருகி, இதயம் துடிக்கத் தொடங்கி, தாவிப் போகிறது. அண்டார்டிக் கடலின் மைனஸ் 1.9 டிகிரி நீரில் வாழும் மீன்களோ உறையவே உறையாது. அவற்றின் இரத்தத்தில் இருக்கும் ஒருவகைப் புரதம் பனிப் பளிங்குகளில் ஒட்டிக்கொண்டு வளரவிடாமல் தடுக்கிறது. ஆர்தர் டிவ்ரீஸ் 1960களில் கண்டுபிடித்தது.

இத்தனை நுட்பமும் ஒரு குறிப்பிட்ட குளிருக்கு என்று அமைந்தது. அதுதான் இப்போது சிக்கல். பனிமுயல் இலையுதிர் காலத்தில் பழுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறுவதைத் தீர்மானிப்பது பகலின் நீளம், வெப்பநிலை இல்லை. பகல் வழக்கம்போலக் குறைகிறது, பனி மட்டும் தாமதமாக விழுகிறது. பழுப்பு நிலத்தில் வெள்ளை முயல் உட்கார்ந்திருக்கிறது. ஓநாயும் லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனையும் வந்து எடுத்துப்போகின்றன. சிட்டுக்குருவிக்கு மாற நூறு வருடம் கிடைத்தது. முயலுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் என் கவலை.

தெருநாய் விஷயம். அவற்றுக்கும் குளிர்கால ரோமம் கொஞ்சம் அடர்த்தியாகும், சுருண்டு மூக்கை வாலடியில் செருகிக்கொள்ளவும் தெரியும். ஆரோக்கியமான பெரிய நாய்க்கு ஸ்வெட்டர் தேவையில்லை. இரவுப் பனிமூட்டத்தில் துணி ஈரமாகிவிட்டால் இருந்த சூட்டையும் அது உறிஞ்சிவிடும். கம்பியில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து வேறு. குட்டிகள், கிழ நாய்கள், சொறி வந்து முடி உதிர்ந்தவைக்கு மட்டும் போடுங்கள், நனைந்தால் உடனே கழற்றிவிடுங்கள். மற்றவற்றுக்குச் சிமென்ட் தரையில் உடம்பு படாதபடி, காற்று அடிக்காத மூலையில் ஒரு சாக்கில் வைக்கோல் திணித்துப் போட்டால் போதும். பழைய போர்வையைவிட வைக்கோல் நல்லது, சீக்கிரம் காய்ந்துவிடும். சோறு வைப்பதாக இருந்தால் காலையில் வைப்பதை இருட்டும் நேரத்துக்கு மாற்றி, ஜனவரி முடியும்வரை ஒரு கரண்டி கூடுதலாக வையுங்கள்.